கடன் கவுண்டர்

"குளிர்ச்சியான இடத்தில் இருங்கள்" என்றார் டாக்டர்.
சீட்டின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தார்:
தண்ணீர் நிறைய. தலை சுற்றினால் உடனே வரவும்.
அவர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.
எந்த இடம் என்று நான் கேட்பதற்குள்
அடுத்தவள் உள்ளே வந்துவிட்டாள்.

மெக்சிகாலியில் ஜூலை என்றால்
குழாயைத் திறந்ததும்
தேயிலையைப் போட்டுவிடலாம்.
தாழ்ப்பாளைத் துணி சுற்றித்தான் தொட வேண்டும்.
எங்கள் வீட்டிலும் ஏசி இருக்கிறது, பழையது, பெரியது.
போன வருஷம் அதை ஓட்டியதற்கு வந்த பில்லை
நிக்கானோர் நாலாக மடித்து
குவாதலூப்பே மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறான்,
அவளாவது கட்டட்டும் என்று.

அவன் இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், சலீனாஸில்,
லெட்டூஸ் வெட்டுகிறான்.
காலையில் பனிமூட்டம், ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன் என்று
போனில் சொன்னான்.
அதன்பின் கொஞ்ச நேரம்
இருவருமே பேசவில்லை.

ஏழாம் மாதம்.
பிடரியில் ஈரத்துண்டு, வாளியில் கால்,
உப்புத் தூவிய தர்பூசணி.
துண்டு காய எட்டு நிமிஷம். எண்ணியிருக்கிறேன்.
அன்று பிள்ளை அசையவில்லை.
வண்டிக்கடியில் சுருண்ட நாய் மாதிரி
உள்ளே ஓர் ஓரமாய்க் கிடந்தது.
எழுந்தேன். செருப்பைத் தேடினேன்.
பேங்குக்குப் போனேன்.

பேங்கில் எனக்குக் கணக்கு இல்லை.

மூன்று தெரு. சுவரை ஒட்டி
ஒரு சாண் நிழல்.
பிள்ளையை நிழலில் வைத்து
முதுகை வெயிலுக்குக் கொடுத்து
நண்டு போலப் பக்கவாட்டில் நடந்தேன்.
ஒரு பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது.
மெஷின் டோக்கன் துப்பியது: எழுபத்து மூன்று.
பலகையில் அப்போதுதான் நாற்பத்தொன்று.
நீண்ட வரிசையைப் பார்த்து
வாழ்க்கையில் முதல்முறை சந்தோஷப்பட்டேன்.
ஐம்பதை அழைக்கும்போது
விலாவுக்குக் கீழே ஓர் உதை.
அறுபதில் இன்னொன்று.
எழுபத்து மூன்று என்றார்கள்.
குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.
எழுபத்து மூன்று, மறுபடி.
பிறகு எழுபத்து நான்கு.

இப்படி ஒன்பது நாள்.

பத்தாம் நாள் காவலாளி நேராக என்னிடம் வந்தார்.
எவரிஸ்தோ. பெயர் சட்டையில் தைத்திருந்தது.
பூட்ஸ், இடுப்பில் துப்பாக்கி.
எழ முயன்றேன். இந்த வயிறு
சட்டென்று எழ விடாது.

"உங்கள் நம்பர் போய்விட்டதே, அம்மா."
"தெரியும்."
"தினமும் போகிறது."

சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.
பையில் தண்ணீர் பாட்டில், விசிறி,
டாக்டர் சீட்டு. அதைக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன்.
அதற்குள் அவர் மெஷினிடம் போய்
மூன்றாவது பொத்தானை அழுத்திவிட்டு வந்தார்.
புதுச் சீட்டு. எண் ஒன்று.

"கடன் கவுண்டர்," என்றார்.
"அங்கே இருப்பவள் லீவு.
பிள்ளை பெற்றிருக்கிறாள். அக்டோபரில்தான் வருவாள்."

இப்போது தினமும் நான்தான் முதல் ஆள்.
யாரும் அழைப்பதில்லை.
நாலு மணிக்குக் கதவைச் சாத்துவார்கள்,
தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும் நேரம் அது.
அதுவரைக்கும் என் கழுத்து உலர்ந்திருக்கும்.
அதுவரைக்கும் உள்ளே
ஒருவன் அல்லது ஒருத்தி
காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கும்.

நேற்று ஒரு பெண் வந்தாள், பத்தொன்பது இருக்கும்.
மாம்பழ வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு,
ஒரு கை இடுப்பில், சட்டை முதுகில் ஒட்டி.
ஐந்து மாதம், இல்லை ஆறு.
மெஷின் முன் நின்று
பொத்தான் பொத்தானாகப் படித்தாள்:
பணம் எடுக்க. பணம் போட.
அவள் வந்த வேலை அதில் இல்லை.

"கடன்," என்றேன் உட்கார்ந்த இடத்திலிருந்து,
கொஞ்சம் சத்தமாகவே.
எவரிஸ்தோ
தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்தேன்.
மடியில் இடமில்லை.
காலடியில் வைத்துக்கொண்டேன்.